82 கிலோவில் வீங்கிய காலின் பங்கு எவ்வளவு?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். அம்மாவுக்கு வயது 54, உயரம் 156 செ.மீ., எடை 82 கிலோ. பல வருடங்களாக இடது காலில் முழங்காலுக்குக் கீழே யானைக்கால் வீக்கம். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். அம்மாவோ, "இந்தக் காலே பதினஞ்சு கிலோ இருக்கும், அதை எங்கே போய்க் குறைக்கிறது?" என்கிறார். காலை மட்டும் தனியாக எடை பார்க்க நீங்கள் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்தை எடை மெஷின் மேல் வைத்திருக்கிறீர்கள். ஒரு தடவை 9 என்றது, இன்னொரு தடவை 13. எது சரி என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கால் மொத்தம் எத்தனை கிலோ என்பது ஒன்று. அந்த 82-ல் வீக்கம் எத்தனை கிலோ என்பது மற்றொன்று. நீங்கள் கேட்டது முதலாவது. டாக்டருக்கும் அம்மாவுக்கும் நடுவே நடக்கும் வழக்கைத் தீர்க்கப்போவது இரண்டாவது. முதல் கேள்விக்கு யார் பதில் சொன்னாலும் மூன்று நான்கு கிலோ முன்னே பின்னே இருக்கும். இரண்டாவதற்கு வீட்டில் ஒரு இன்ச் டேப் இருந்தால் அரைக் கிலோ வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம். நான் இயன்முறை மருத்துவர். டெல்டா பக்கம் நிணநீர் வடியாமல் தேங்கி வரும் வீக்கத்துக்கான (யானைக்காலும் அதில் ஒன்று) சிகிச்சையில் பல வருடங்களாக இருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் இருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த 9, 13 விவகாரம். இரண்டும் சரியில்லை. எடை மெஷின் தன்மேல் விழும் அழுத்தத்தை மட்டும்தான் காட்டும். உட்கார்ந்திருக்கும்போது தொடை ஒரு பாலம் மாதிரி: ஒரு முனை நாற்காலியில், மறு முனை முழங்காலில். அந்தப் பாலத்தின் பாரத்தில் எவ்வளவு நாற்காலிக்குப் போகிறது, எவ்வளவு பாதம் வழியாக மெஷினுக்கு இறங்குகிறது என்பது அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. சற்று முன்னால் சாய்ந்தால் இடுப்புக்கு மேலே உள்ள பாரமும் சேர்ந்து இறங்கும். பாதத்தை லேசாக ஊன்றினாலும் எண் ஏறும். அப்படியே எழுந்து நின்றுவிட்டால் 82-ம் பாதத்தின் வழியாகத்தான் போகிறது! ஆக, அந்த மெஷினில் சில கிலோவில் இருந்து 82 வரை எந்த எண்ணை வேண்டுமானாலும் வரவழைக்கலாம். இரண்டு மெஷின் வாங்கி ஆளுக்கொரு கால் என்று நிற்கவைத்தாலும் இதே கதைதான். எந்தக் காலில் அதிகம் ஊன்றுகிறார் என்று தெரியும், காலின் எடை தெரியாது.

படுக்கவைத்து, கணுக்காலில் அகலமான துணிப்பட்டை கட்டி, சூட்கேஸ் எடை பார்க்கும் கொக்கித் தராசால் தூக்கிப் பார்க்கலாமே என்று தோன்றும். இது கொஞ்சம் மேல். கால் தளர்வாக, முழங்கால் மடங்காமல் இருந்தால், சாதாரணக் காலின் எடையில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தராசு காட்டும். மிச்சத்தை இடுப்பு மூட்டு தாங்கும். காலின் ஈர்ப்பு மையம் (கனம் முழுவதும் குவிந்திருப்பதாக எடுத்துக்கொள்ளும் புள்ளி) இடுப்பு மூட்டில் இருந்து கணுக்கால் வரையிலான தூரத்தில் 45 சதவீத அளவில், அதாவது தொடையின் கீழ்ப்பகுதியில் இருப்பதுதான் காரணம். ஆனால் அம்மாவின் காலில் கனம் கீழே இறங்கியிருக்கிறது, ஈர்ப்பு மையமும் கூடவே இறங்கியிருக்கும். எவ்வளவு கனம் என்பதும் கனம் எங்கே இருக்கிறது என்பதும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடும், பிரிக்க முடியாது. ஆளைப் பலகையில் படுக்கவைத்துச் சமன் பார்க்கும் முறைக்கும் இதே சிக்கல் உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொரெல்லி என்ற அறிஞர் உடம்பின் ஈர்ப்பு மையத்தைக் கண்டுபிடிக்கச் செய்தது அதுதான். இன்றும் கல்லூரிகளில் செய்முறைப் பாடமாக இருக்கிறது. அம்மாவைப் பலகையில் ஏற்ற வேண்டாம்.

சரி, அப்படியானால் "ஒரு கால் உடம்பில் இத்தனை சதவீதம்" என்று புத்தகங்களில் போட்டிருப்பது எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் இறந்த உடல்களில் இருந்து. 1889-ல் ஜெர்மனியில் பிரவுனே, ஃபிஷர் என்ற இருவர் உடல்களை உறையவைத்து, துண்டுகளாக அறுத்து எடைபோட்டார்கள். ஜெர்மன் காலாட்படை வீரன் மூட்டை முடிச்சோடு நிற்கும்போது ஈர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்று பார்ப்பது அவர்கள் நோக்கம். 1955-ல் அமெரிக்க விமானப்படைக்காக டெம்ப்ஸ்டர் என்பவர் எட்டு உடல்களில் செய்தார். எல்லாம் ஆண்கள், பெரும்பாலும் வயதானவர்கள். இன்றும் பல பாடநூல்களில் உள்ள கணக்கு அவருடையதுதான். உயிரோடு இருப்பவர்களிடம் அளந்த கணக்கு 1980-களில் ரஷ்யாவில் இருந்து வந்தது. ஜட்சியோர்ஸ்கியும் அவருடைய சகாக்களும் 100 ஆண்கள், 15 பெண்கள் மீது காமா கதிரைச் செலுத்தி, எந்த இடத்தில் எவ்வளவு கதிர் தடைபடுகிறது என்பதை வைத்து அங்கே எவ்வளவு நிறை இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். அளக்கப்பட்டவர்கள் இளைஞர்கள், நல்ல உடற்கட்டு உள்ளவர்கள். இந்தப் பட்டியல்களில் எதிலும் 54 வயதில், 82 கிலோ எடையில், நம்ம ஊர் அம்மா ஒருவர் இல்லை.

இந்த இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். முழங்காலுக்குக் கீழே, பாதத்தையும் சேர்த்து, டெம்ப்ஸ்டர் கணக்கில் உடல் எடையில் 6.1 சதவீதம். ரஷ்யக் கணக்கை 1996-ல் டி லேவா என்ற ஆய்வாளர் மூட்டுகளுக்கு ஏற்பத் திருத்தி வெளியிட்ட பட்டியலில், பெண்களுக்கு அதுவும் 6.1. அச்சாகப் பொருந்துகிறது. தொடைக்குப் போனால் ஒருவர் 10 என்கிறார், மற்றவர் 14.8 என்கிறார். இறந்த உடல்கள் வற்றிப் போயிருந்தது ஒரு காரணம். பெரிய காரணம், தொடை எங்கே முடிகிறது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. முழங்கால் தெளிவான எல்லை, யார் வெட்டினாலும் அங்கேதான் வெட்டுவார்கள். இடுப்பில் அப்படி ஒரு கோடு கிடையாது. ரஷ்யக் கணக்கில் கோடு இடுப்பெலும்பின் முன்முனை வரை சாய்வாக ஏறுகிறது. பிட்டத்தில் ஒரு பங்கு தொடையின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. எனவே ஒரு முழுக் கால் என்பது 16 சதவீதமா, 21 சதவீதமா என்பது காலைப் பொறுத்த விஷயமே இல்லை, கோட்டைப் பொறுத்தது.

இதை அம்மாவுக்குப் போட்டுப் பாருங்கள். வீக்கத்தைக் கழித்து உடம்பு 79 கிலோ என்று வைத்துக்கொண்டால் (அந்த 79 எப்படி வந்தது என்று கீழே சொல்கிறேன்), ஒரு கணக்கில் சாதாரணக் கால் 12.7 கிலோ, மற்றதில் 16.5 கிலோ. அம்மா சொன்ன பதினஞ்சு கிலோ மிகையே இல்லை. வீக்கமே இல்லாத வலது கால்கூட அவ்வளவு இருக்கலாம்! கால் என்பது நாம் நினைப்பதைவிடக் கனமான உறுப்பு. தூங்கும் குழந்தையின் கையைத் தூக்கி மடியில் வைத்தவர்களுக்கே உறுப்புகளின் கனம் ஓரளவு தெரிந்திருக்கும்.

இப்போது உருப்படியான வழிக்கு வருவோம். இடது காலையும் வலது காலையும் ஒப்பிட்டால் மேலே சொன்ன சந்தேகங்களில் பாதி தானாகவே கழிந்துவிடும். எலும்பு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. கோட்டை இரண்டிலும் ஒரே உயரத்தில் போடுகிறோம். மிச்சம் நிற்பது வீக்கம்தான். நீங்கள் கொடுத்த அளவுகள்: இடது காலில் கணுக்காலுக்குச் சற்று மேலே சுற்றளவு 38 செ.மீ., முழங்காலுக்குச் சற்றுக் கீழே 52. வலதில் 23, 36. இரண்டு இடங்களுக்கும் நடுவே 30 செ.மீ. காலின் இந்தப் பகுதியை நுனி வெட்டிய கூம்பு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு சுற்றளவுகளையும் தனித்தனியாக வர்க்கப்படுத்தி, இரண்டையும் ஒன்றோடொன்று பெருக்கி, மூன்றையும் கூட்டி, உயரத்தால் பெருக்கி, 37.7-ஆல் வகுத்தால் கன அளவு மில்லிலிட்டரில் வரும். இடதுக்கு 4,870 மி.லி. வருகிறது, வலதுக்கு 2,110. வித்தியாசம் சுமார் இரண்டே முக்கால் லிட்டர். புறங்காலிலும் வீக்கம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கு இன்னும் கால் லிட்டரோ அரை லிட்டரோ சேர்க்கலாம். கெண்டைக்காலின் புடைப்பைக் கூம்பு கணக்கில் எடுக்காது; வலது காலில் அந்தப் புடைப்பு இருக்கும் என்பதால் உண்மை வித்தியாசம் கொஞ்சம் குறையும். ஆக மூன்று கிலோ, முன்னே பின்னே அரைக் கிலோ. அந்த 79 இப்படி வந்ததுதான்.

இரண்டே இடத்தில் அளந்து போட்ட கணக்கு இது. நாங்கள் கிளினிக்கில் செய்வது இன்னும் நெருக்கமானது, வீட்டிலும் செய்யலாம். அம்மா காலை நீட்டிப் படுத்துக்கொள்ளட்டும். குதிகாலை ஒரு சுவரிலோ அட்டைப் பெட்டியிலோ முட்டவைத்து, அங்கிருந்து 12 செ.மீ. தள்ளித் தொடங்கி, ஒவ்வொரு 4 செ.மீ.க்கும் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொண்டே முழங்கால் வரை வாருங்கள். இரண்டு காலிலும் அதே தூரங்கள். ஒவ்வொரு கோட்டிலும் டேப்பைச் சுற்றி அளவெடுங்கள். டேப் தோலில் படிய வேண்டும், சதையைக் கவ்வக் கூடாது. எடுத்த பிறகு தோலில் தடம் விழுந்திருந்தால் இறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். தோல் மடிந்து தொங்கும் இடத்தில் மடிப்பின் மேலேயே சுற்றினால் அளவு அதிகமாகக் காட்டும். அந்த இடத்தை எப்படி அளந்தீர்கள் என்று பக்கத்தில் எழுதிவையுங்கள், அடுத்த முறையும் அப்படியே அளக்க உதவும். நான்கு செ.மீ. இடைவெளிக்கு ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு சுற்றளவையும் அதே எண்ணால் பெருக்கி 3.14-ஆல் வகுத்தால், அந்தத் துண்டின் கன அளவு நேராக மில்லிலிட்டரில் வந்துவிடும். எல்லாவற்றையும் கூட்டினால் முடிந்தது. ஒரு இடத்தில் இடது 40, வலது 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடதுக்கு 509 மி.லி., வலதுக்கு 287. டேப்பில் மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல், கன அளவில் முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல். வீக்கம் "கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது" என்று டேப்பைப் பார்த்துச் சோர்ந்து போகிறவர்களுக்கு இதை நான் போட்டுக் காட்டுவது வழக்கம்.

டேப்பை நம்பாதவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறது. நிரம்பிய பாத்திரத்தில் காலை விட்டு, வழியும் தண்ணீரைப் பிடித்து அளப்பது பழைய முறை. வீட்டில் செய்தால் பாதித் தண்ணீர் தரையில்தான் கிடக்கும். அதைவிட நல்ல தந்திரம் ஒன்று உண்டு. மளிகைக்கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசின் மேல் உயரமான பக்கெட்டை வைத்து, காலை இறக்கினாலும் வழியாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். அம்மா உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, பேனாக் கோடு வரை காலைத் தண்ணீரில் இறக்கட்டும். பாதம் அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. தராசு இப்போது 5.2 என்று காட்டினால், தண்ணீருக்குள் இருக்கும் காலின் கன அளவு 5.2 லிட்டர். அது காலின் எடை இல்லை, கவனம். தண்ணீர் காலை எவ்வளவு மேலே தள்ளுகிறதோ அதே அளவுக்குக் கால் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது. தராசு காட்டுவது அதைத்தான், அதாவது கால் இடம்பெயர்த்த தண்ணீரின் எடையை. குளியலறை டிஜிட்டல் மெஷின் இதற்கு உதவாது, அதில் எண் ஒரு தடவை நின்றுவிட்டால் அப்படியே உறைந்துவிடும். இன்னொன்று: விரலிடுக்கில் புண், தோலில் வெடிப்பு, நீர்க் கசிவு எதுவும் இருந்தால் இந்த முறை வேண்டாம். அப்படி எதுவும் இல்லாமல் செய்தாலும், முடிந்த உடனே சுத்தமான துணியால் விரலிடுக்குகளை ஈரமில்லாமல் ஒற்றி எடுத்துவிடுங்கள். யானைக்கால் நோயாளிக்கு அந்த ஈரத்தில்தான் அடுத்த காய்ச்சல் தொடங்குகிறது.

லிட்டரை எப்படிக் கிலோவாக்குவது? கொழுப்பு ஒரு லிட்டர் 0.9 கிலோ, தசை 1.06, கெட்டியான எலும்பு 1.9 வரை. எல்லாம் கலந்த கெண்டைக்கால் பகுதி சராசரியாக 1.09. முழுக் காலுக்குக் கணக்குப் போடும்போது இந்த எண் முக்கியம். வித்தியாசத்துக்கு மட்டும் என்றால் கவலையே வேண்டாம். பல வருட வீக்கம் வெறும் நீர் இல்லை. நிணநீரோடு கொழுப்பும் நார்த்திசுவும் சேர்ந்திருக்கும். ஒன்று தண்ணீரைவிட லேசு, மற்றது சற்றுக் கனம், நீர் ஏறக்குறைய ஒன்று. எப்படிக் கலந்தாலும் லிட்டருக்கு ஒரு கிலோ என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்று கிலோவில் நூறு, நூற்றைம்பது கிராம்தான் பிசகும்.

முழுக் காலுக்கும் எண் வேண்டியே தீரும் என்றால் டெக்ஸா ஸ்கேன்தான் வழி. எலும்பு அடர்த்தி பார்க்கும் அதே கருவி. முழு உடலுக்கும் எடுத்தால் ஒவ்வொரு காலிலும் கொழுப்பு எவ்வளவு, எலும்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று கிராமில் தரும். கதிர்வீச்சு மிகக் குறைவு. வீக்கத்தின் நீரை அது தசையோடு சேர்த்து எண்ணிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அங்கேயும் இடுப்பில் ஒரு கோடு போட்டுத்தான் காலைப் பிரிக்கிறார்கள். இந்தக் கேள்விக்காக மட்டும் அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து.

இனி டாக்டர் பக்கம். 82 கிலோவுக்கு அம்மாவின் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 33.7. வீக்கத்தின் மூன்று கிலோவைக் கழித்தால் 32.5. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறோம். எனவே டாக்டர் சொன்னது சரிதான், கால் அவரைக் காப்பாற்றாது. இடுப்பிலும் வயிற்றிலும் குறையும் எடை காலுக்கும் நல்லது. உடல் பருமன் நிணநீர் வடிவதை இன்னும் மந்தமாக்கும்.

ஆனால் அம்மா பொய் சொல்லவும் இல்லை. மூன்று கிலோ வயிற்றில் இருப்பதும் கெண்டைக்காலில் இருப்பதும் ஒன்றல்ல. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் அந்த மூன்று கிலோவைத் தூக்கி, முன்னால் வீசி, நிறுத்த வேண்டும், அதுவும் இடுப்பு மூட்டில் இருந்து அரை மீட்டருக்கும் மேலே தள்ளி. பாதத்தில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் சுமக்கும் ஒரு கிலோவைவிட நாலைந்து மடங்கு சக்தியைத் தின்னும் என்று ராணுவ பூட்ஸ்களை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வீக்கம் முழுவதும் பாதத்தில் இல்லை, அதனால் அம்மாவுக்கு அந்த மடங்கு அப்படியே பொருந்தாது. பத்துக் கிலோவை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல் இருக்கிறது என்று அவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். "நடங்கள்" என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் சீட்டு அவருக்குப் போதாது. உட்கார்ந்தபடியோ படுத்தபடியோ செய்யும் பயிற்சிகளைச் சேர்த்துக் கேளுங்கள்.

அந்த மூன்று கிலோவில் எவ்வளவு குறையும் என்பதை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. கெண்டைக்காலில் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தி எடுங்கள். குழி விழுந்து மெதுவாக நிரம்பினால் அங்கே நீர் இருக்கிறது, ஒழுங்கான கட்டு போட்டால் இறங்கும். கல் மாதிரிக் கெட்டியாக இருந்தால் நார்த்திசு அதிகம், இறங்குவது மெதுவாகத்தான் நடக்கும். சர்க்கரை இருப்பதால் கட்டு போடுவதற்கு முன் பாதத்தின் ரத்த ஓட்டத்தையும் உணர்ச்சியையும் டாக்டரிடம் சோதித்துக்கொள்ளுங்கள். கால் சிவந்து, சூடாகி, நெறி கட்டிக் காய்ச்சல் வந்தால் டேப்பை வைத்துவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நல்லபடியாக இருந்த வலது காலும் வீங்க ஆரம்பித்தால் இதயம், சிறுநீரகம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது வலது காலை வைத்து நான் மேலே போட்ட கணக்கும் செல்லாது.

அளப்பதாக இருந்தால் காலையில், அம்மா எழுந்து நடமாடுவதற்கு முன்பு அளங்கள். சாயங்காலத்துக்குள் கால் இன்னும் ஊதிவிடும், இரண்டு நேரத்து எண்களை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே ஆள், ஒரே டேப். மாதம் ஒரு தடவை போதும். எடை மெஷினில் 82 எப்படி நகர்கிறது என்பதை ஒரு பத்தியிலும், இரண்டு கால்களின் லிட்டர் வித்தியாசத்தைப் பக்கத்துப் பத்தியிலும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை சர்க்கரை டாக்டரிடம் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.